பத்திரிகையும் விளையாட்டும் ஈகையும்

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நம் சங்கத்தார் குடும்ப சகிதமாகக் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்கள் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வழிகள் யாவை என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று நம் காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். நாம் பெரும் பண்டிதருமல்லோம். மேடையில் பேசிப் பழகினவருமல்லோம். ஆயினும், இச்சங்கத்தின் உப்பைத் தின்று வளர்ந்தவராதலின், அக்கட்டளையைத் தட்டுதற்குத் துணிந்தோமில்லை. குற்றம் காணின் பொறுத்து, குணம் சிறிது இருப்பின் அதனைக் கொள்ளுமாறு வேண்டிக்கொண்டு தொடங்குகின்றோம்.

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிக்குங்கால் நான்கு கேள்விகள் வழக்கமாகப் பிறக்கின்றன. என்ன மதிப்பெண்? என்ன உத்தியோகம்? எவ்வளவு சம்பளம்? வீடு சொந்தமா? இந்நான்கும் வேண்டுவனவே, இவற்றைக் குறை கூற நாம் இங்கு நிற்கவில்லை. ஆனால், அப்பிள்ளை எதனை விரும்பிப் படிக்கின்றான், எந்த விளையாட்டில் வியர்வை சிந்துகின்றான், தன் கையால் யாருக்கு எதனைக் கொடுத்தான் என்று நம்முள் எவரேனும் கேட்டதுண்டோ? கேட்டதில்லை. கேளாமல் விட்ட இம்மூன்று கேள்விகளே ஒருவனுடைய அறிவையும், தேகத்தையும், நெஞ்சையும் அளக்கும் மூன்று கோல்கள் என்பது நம் அபிப்பிராயம். இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போகவேண்டியதில்லை. நம் சேலம், நாமக்கல் சீமையிலேயே நிரம்பக் கிடைக்கின்றது.

பத்திரிகை

முதலில் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். சேலம் நகரசபையின் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்தவர் ராஜாஜி என்பது முதியோர் பலருக்கும் தெரியும். அவர் பின்னர் வக்கீல் தொழிலை விடுத்து, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அவ்வாசிரமத்தின் தலையாய பணிகள். சுற்றுப்புறத்துக் கிராமங்களிலோ, கூலிக்காரன் வாரம் முழுதும் உழைத்த காசு சந்தை நாளன்று கள்ளுக்கடைக்குப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரியாது. இத்துயரத்தைத் தீர்ப்பதற்கு ஆசிரமத்தார் கைக்கொண்ட உபாயங்களுள் ஒன்று பத்திரிகை நடத்துவது. 1929ஆம் ஆண்டில் 'விமோசனம்' என்னும் பெயரால் ஒரு பத்திரிகை தோன்றிற்று. ராஜாஜி அதற்கு ஆசிரியர். பிற்காலத்தில் தமிழுலகம் முழுதும் புகழ்பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். மதுவின் தீமையைக் கட்டுரையாகவும் கதையாகவும் எடுத்துச் சொல்வதே அப்பத்திரிகையின் வேலை.

அது நெடுங்காலம் நடந்த பத்திரிகையன்று. ஆயினும், எட்டு ஆண்டுகள் கழித்து ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அந்நாளில் இந்த ஜில்லாவைச் சேர்ந்தனவே. அச்சட்டம் பிற்காலத்தில் பல மாறுதல்களை அடைந்தது. அக்கதை இப்போது வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், விமோசனம் என்றால் விடுதலை. ஒரு பத்திரிகைக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள், படிப்பவனை ஒரு தளையினின்றும் விடுவிப்பதே பத்திரிகையின் கடமை என்று கருதினார்கள் என்பதே. பொழுதுபோக்குதல் அவர்கள் முதல் நோக்கமன்று; கதை இனிமையாயிருந்தது, ஆனால் அக்கதை ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்வதற்காக எழுதப்பட்டது.

அச்சுத்தாள் ஒன்றுதான் இத்தகைய சாதனம் என்று கருதவேண்டா. டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனி நம் ஊரில் இருந்துகொண்டே நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. அச்சுக்கூடம் போய்ப் படக்கொட்டகை வந்தது. அது போய் வானொலி, தொலைக்காட்சி வந்தன. இப்போது அவையெல்லாம் ஒன்றுதிரண்டு கைப்பேசி என்னும் சிறு பலகைக்குள் புகுந்துகொண்டன. சாதனம் மாறிற்று, கேள்வி மாறவில்லை. இது நம்மை விடுவிக்கின்றதா, கட்டுகின்றதா?

அன்று சந்தை நாளில் கள்ளுக்கடை செய்த வேலையை இன்று கைப்பேசியிற் புகுந்த பண விளையாட்டுக்கள் செய்தன என்பதை நாம் அறிவோம். கடைக்கு நடந்து போகவேண்டிய சிரமமும் இல்லை. படுக்கையிற் கிடந்தபடியே ஒரு மாதச் சம்பளத்தைத் தோற்றுவிடலாம். இக்கொடுமையைத் தடுக்க 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும், 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றத்திலும் சட்டங்கள் பிறந்தன. சட்டம் வேண்டியதுதான், ஆயினும், சட்டம் வாயிலில் நிற்கும் காவற்காரன், வீட்டுக்குள் இருக்கும் மனத்தை அவன் திருத்தமாட்டான். கையில் உள்ள கருவியில் நல்லதைத் தேடும் பழக்கம் இளமையிலேயே உண்டானாலன்றி வேறு மருந்தில்லை.

அப்பழக்கம் எங்ஙனம் உண்டாகும்? நம் தந்தையார் காலத்தில் வீட்டுத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத கிழவரும், பால் கொண்டுவந்த பெண்ணும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் நின்று கேட்பார்கள். கேட்டபின் தர்க்கம் நடக்கும். 'அது எப்படி?' என்று ஒருவர் வினவுவார். அத்தர்க்கத்திலேதான் அறிவு பிறந்தது. இன்று ஒவ்வொருவரும் தம் தம் பலகையைத் தாம் தாம் பார்க்கின்றோம். நால்வர் உள்ள வீட்டில் நால்வரும் வெவ்வேறு உலகத்தில் இருக்கின்றனர். இரவு உணவுக்கு முன் கால்மணி நேரம், வீட்டிலுள்ள ஒரு சிறுவனையோ சிறுமியையோ அன்றைய செய்தியில் ஒன்றை உரக்கப் படிக்கச் செய்து, 'இது மெய்தானா? யார் சொன்னது? இதனால் யாருக்கு நன்மை?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். காசு செலவில்லை, ஓர் ஆண்டில் அப்பிள்ளையின் பேச்சே வேறாகும்.

விளையாட்டு

இனி, விளையாட்டு. நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனை இங்குள்ள சிறுவர்களுக்கு நாம் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஐந்து மக்களுள் மூத்தவர். தந்தையார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் சிறு கடை வைத்து நடத்தியவர். இருபது வயதுவரையில் அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுத்தான். அவ்வூரிலேயே அவருடைய திறமையைக் கண்டு, சென்னைக்குச் சென்று ஆட வழிசெய்து தூண்டியவர் ஜெயப்பிரகாஷ் என்பவர். அந்நன்றியை மறவாமல், 'ஜே. பி. நட்டு' என்று அவர் பெயரின் முதலெழுத்துக்களைத் தம் ஆட்டச் சட்டையிலேயே நடராஜன் பொறித்துக்கொண்டார்.

அவருடைய வெற்றியைப் பலரும் பேசுகின்றனர். அவருடைய தடைகளைச் சிலரே பேசுகின்றனர். 2015ஆம் ஆண்டில் ரஞ்சிப் போட்டியில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடிய உடனே, பந்து வீசும் முறையில் பிழையிருப்பதாக ஐயம் எழுந்தது. பிறனாயின் ஊருக்குத் திரும்பியிருப்பான். அவரோ வீசும் முறையை அடியிலிருந்து மாற்றிப் பழகி மீண்டும் வந்தார். 2017ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. அடுத்த ஆண்டே விலை 40 லட்சமாக இறங்கி ஐதராபாத் அணிக்குப் போனார். அங்கே இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்த காலத்தில் பழகியதன் பயன் 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. காலடியில் வந்து விழும் யார்க்கர்ப் பந்துகளை ஓயாமல் வீசி அப்பருவத்தில் 16 விக்கெட்டுக்களை வீழ்த்தினார்.

அதன்பின் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். பயிற்சியில் பந்து வீசுவோருள் ஒருவராகவே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம். அங்கேயே 4ஆம் தேதி இருபது ஓவர் ஆட்டம். 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அரங்கேறிய முதல்வர் அவரே. தமக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தி கேட்டும், அம்முகத்தைக் காண உடனே திரும்பாமல் அங்கிருந்து ஆடினார்.

மற்றொருவர், பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 1995ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி வலக்கால் சிதைந்தது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். சிகிச்சைக்கு வாங்கிய கடன் அவர் தோள்மேல் நெடுநாள் இருந்தது. அரசுப் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியர் அப்பையனுடைய காலின் குறையைப் பார்த்து நின்றுவிடாமல், அவன் தாண்டும் ஆற்றலைப் பார்த்து உயரந்தாண்டுதலில் ஊக்கினார். குறையில்லாத பிள்ளைகளோடு நின்று போட்டியிட்ட அச்சிறுவன், 2016ஆம் ஆண்டில் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றான். 2021ஆம் ஆண்டில் டோக்கியோவில் வெள்ளி. 2024ஆம் ஆண்டில் பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம்.

இவ்விருவர் கதையையும் நாம் சொன்னது உங்கள் பிள்ளைகள் யாவரும் இந்தியாவுக்கு ஆடவேண்டும் என்பதற்காகவன்று. ஆயிரத்தில் ஒருவனுக்கும் அது கிட்டாது. ஆனால், தோற்றபின் எழுந்து நிற்பது, உட்காரவைத்த இடத்தில் பொறாமையின்றி உட்கார்ந்து பழகுவது, எதிரியின் திறமையைக் கைதட்டிப் பாராட்டுவது ஆகிய இப்பாடங்கள் எந்தப் பிள்ளைக்கும் காந்தி மைதானத்தில் ஒரு மாலைப்பொழுதிற் கிட்டும். பள்ளிக்கூடத்துப் பரீட்சை இவற்றைக் கற்பிக்கமாட்டாது. அங்கே தோற்றவனுக்கு மறுநாட்காலை மறு ஆட்டம் இல்லை.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை இச்சபை முன் ஒப்புக்கொள்ளவேண்டியவராயிருக்கின்றோம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நம் தம்பியின் மகன் நம் வீட்டில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்துவந்தான். ஓட்டத்தில் வல்லவன். அவன் வெறுங்காலோடு ஓடுவதைக் கண்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் ஆணிபதித்த ஓட்டச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அவ்வாண்டு பரீட்சை நெருங்கிற்று. 'ஓட்டம் சோறு போடுமா?' என்று நாம் கடிந்து, அச்செருப்பைப் பறித்துப் பரணில் ஏற்றி வைத்தோம். பையன் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. பெரியப்பாவின் சொல்லைத் தட்டுவது அந்நாளில் வழக்கமன்று. படித்தான், நல்ல உத்தியோகமும் பெற்றான். முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வியாதியும் பெற்றான்.

சென்ற பொங்கலுக்குத் தன் மகளோடு வந்திருந்தான். அச்சிறுமி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவன் நம்மைப் பார்த்து, "பெரியப்பா, அந்தச் செருப்பு இன்னும் பரணில்தான் இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டான். இருந்தது. ஏணி வைத்து எடுத்துப் பார்த்தோம். தோல் வெடித்து, ஆணிகள் துருவேறி, எவர் காலுக்கும் ஆகாததாய்க் கிடந்தது. அவனை ஓடவிடாததைக் காட்டிலும் வேறொன்று அப்போது நம்மை வாட்டிற்று. அவனுக்குத்தான் வேண்டாவென்றால், அவ்வகுப்பிலேயே வெறுங்காலோடு ஓடிய இன்னொரு பையனுக்கு அதனைக் கொடுத்திருக்கலாமே! ஏழை ஆசிரியர் ஒருவர் மனமுவந்து அளித்த பொருளை நாமும் பயன்படுத்தவில்லை; பிறரும் பயன்படுத்தவிடவில்லை. பரணிலே பூட்டிவைத்தோம். நம் வீட்டுப் பரணில் மட்டுமா? நம் சமூகத்தின் பரணில் இத்தகைய பொருள்கள் எத்தனை கிடக்கின்றனவோ!

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுவரை ஓடியாடிய பெண்ணை, 'இனிமேல் என்ன ஆட்டம்?' என்று உள்ளே அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றும் அழியவில்லை. ஓட்டச் செருப்பைப் பரணில் வைத்தது ஒரு பிழையென்றால், ஓடும் பெண்ணையே பரணில் வைப்பது அதனினும் பெரும்பிழை என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொள்கின்றோம்.

ஈகை

மூன்றாவது, ஈகை. ஈகை என்றவுடன் கோபுரத் திருப்பணியும், கல்வெட்டிற் பெயரும், இலட்சக்கணக்கான நன்கொடையும் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவர் பெருமான் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். வறியவருக்குக் கொடுப்பது ஈகை. தான் பெற்ற வளம் ஊருக்குப் பொதுவென்று உணர்ந்து அன்றாடம் அவ்வாறே நடந்துகொள்வது ஒப்புரவு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு மனமிருந்தாற் போதும்.

நம் ஊர்ப்பக்கத்தில் கைமாற்று என்று ஒரு வழக்கம் உண்டு. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை, வட்டியும் இல்லை; பக்கத்து வீட்டார் அவசரத்துக்குக் கேட்டால் கொடுப்போம்; கையில் வந்தவுடன் அவர்கள் திருப்புவார்கள். நாம் பெற்ற அறிவும், தேகபலமும், பிறர் செய்த உபகாரமும் யாவும் இத்தகைய கைமாற்றே என்பது நம் கருத்து. ஆனால், இதிலே ஒரு வித்தியாசம். கொடுத்தவருக்கே திருப்பவேண்டும் என்ற நியதியில்லை. பெரும்பாலும் அவர் திரும்பப் பெறும் நிலையிலும் இருக்கமாட்டார். அடுத்துக் கை நீட்டுகின்றவனுக்குக் கொடுத்தால், கடன் தீர்ந்தது.

முன் சொன்ன நடராஜனை மீண்டும் நினையுங்கள். 2020 டிசம்பர் 8ஆம் தேதி சிட்னியில் இருபது ஓவர்த் தொடர் முடிந்தது. தொடர் நாயகன் விருது ஹார்திக் பாண்டியாவுக்குக் கிடைத்தது. அவரோ, இது நடராஜனுக்கு உரியது என்று சொல்லி அவ்விருதை அவர் கையிற் கொடுத்தார். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொடரை வென்றபோது, தலைமை தாங்கிய ரஹானே தாம் பெற்ற வெற்றிக் கோப்பையை அவ்வணியிற் புதிதாய் வந்த அவர் கையிலேயே கொடுத்தார். ஒரு காசும் செலவில்லாத ஈகை இது. முன்னிற்க உரிமையுள்ளவன் ஓர் அடி பின்வாங்கிப் புதியவனை முன்னிறுத்துகின்றான். நம் வீட்டு விசேஷங்களிலும் சங்க மேடைகளிலும் இந்த ஓர் அடியைப் பின்வாங்க எத்தனை பேருக்கு மனம் வருகின்றது?

அவர் பெற்ற கைமாற்று அவரோடு நின்றுவிடவில்லை. தம் ஊராகிய சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தினேஷ் கார்த்திக் அதனைத் திறந்துவைத்தார். தமக்குக் கிட்டாத ஆடுகளம் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும் என்பதே அதன் பொருள். மாரியப்பனுக்கு 2016ஆம் ஆண்டு வெற்றிக்காகத் தமிழ்நாட்டு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அவர் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தர முன்வந்தார் என்று அந்நாளிற் பத்திரிகைகள் எழுதின. கடனில் வளர்ந்த பிள்ளை, கையிற் பணம் வருமென்று அறிந்தவுடன் முதலிற் பள்ளிக்கூடத்தை நினைத்தது.

கவனியுங்கள்: மூன்று பொருளும் இங்கே ஒன்றாய்க் கூடுகின்றன. விளையாட்டு ஆற்றலைக் கொடுத்தது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அவ்வாற்றலை உலகுக்குக் காட்டின. அவை காட்டாவிடில் சின்னப்பம்பட்டி எங்கே, பிரிஸ்பேன் எங்கே? ஆயினும், தொடக்கத்தில் ஒருவர் கைகொடுத்திராவிட்டால் முதலிரண்டும் நிகழ்ந்திரா. முடிவில் அவர்கள் பிறருக்குக் கைகொடுத்திராவிட்டால் அவ்வெற்றி ஒரு வீட்டுப் பரணிலேயே முடிந்திருக்கும். ஆதலின் ஈகையே முதலும் முடிவும். மற்றவை நடுவில் நிற்பன. அறிவு மட்டும் வளர்ந்து கை விரியாதவன் வாதுக்காரனாவான். தேகம் மட்டும் வளர்ந்து கை விரியாதவன் முரடனாவான். இதுவே நாம் இன்று சொல்லவந்த ஒரே விஷயம்.

சங்கத்தாருக்கு விண்ணப்பம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'ஆகையால் எல்லோரும் நல்லவர்களாயிருங்கள்' என்று முடித்துவிட்டால், இது வெறும் வாய்ப்பந்தலாகும். ஆதலின், சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது: ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாராட்டு விழாவில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கின்றோம். அதனோடு விளையாட்டில் உழைத்தவருக்கும், பிறருக்கு உதவிய ஒரு நற்செயல் புரிந்தவருக்கும் பரிசு உண்டென்று விதி செய்வோமாக. பிள்ளைகள் பெரியோர் எதனை மதிக்கின்றனரோ அதனையே நாடுவர்.

இரண்டாவது: நம் கூடத்தின் முன்னறை மாதத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கின்றது. அதனைத் திறந்து, நான்கு நாளிதழ்களும், சில மாதப் பத்திரிகைகளும், இங்குள்ளோர் படித்து முடித்த புத்தகங்களும் வைத்து ஒரு வாசகசாலை ஆக்குவோமாக. வீட்டு அலமாரியில் நிற்கும் புத்தகமும் பரணில் கிடந்த செருப்பும் ஒன்றே என்பதை நம் அநுபவத்தில் அறிந்து சொல்கின்றோம்.

மூன்றாவது: மேடையிற் போர்த்தும் பொன்னாடைகளையும் மாலைகளையும் ஓர் ஆண்டுக்கு நிறுத்துவோமாக. அப்பணத்தை எடுத்து ஓட்டச் செருப்பு, பந்து, வலை முதலியன வாங்கி, அருகிலுள்ள அரசுப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர் வசம் ஒப்படைப்போமாக. யாருக்கு வேண்டுமென்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே சிலர் மனத்தில் ஓர் ஆட்சேபம் எழுவதை நாம் முகத்திலேயே காண்கின்றோம். 'சங்கப் பணம் சங்கத்தார் கொடுத்தது. அது நம் குலத்துப் பிள்ளைகளுக்கன்றோ சேரவேண்டும்? அரசுப் பள்ளியிற் கண்டவர் பிள்ளைகளுக்கெல்லாம் ஏன்?' என்பதே அவ்வாட்சேபம். இதனை இகழ்ந்து தள்ளமாட்டோம். நம் முன்னோர் படிப்புக்கு வழியின்றித் தவித்த காலத்தில், ஒருவருக்கொருவர் துணையாய் நிற்பதற்கே இச்சங்கம் தோன்றிற்று. அக்கடமை இன்றும் தீரவில்லை. நம் ஏழைப் பிள்ளைகளின் கல்வி உதவியில் ஒரு காசும் குறையவேண்டுமென்று நாம் சொல்லவில்லை.

ஆனால், உங்கள் மனச்சாட்சியைக் கேட்டுப்பாருங்கள். நம்முள் முன்னுக்கு வந்தவர் எவரேனும் நம் குலத்தார் உதவியால் மட்டுமே வந்ததுண்டோ? நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் எக்குலம் என்று கேட்டோமா? ஆஸ்பத்திரியில் நம் தாயாருக்கு இரத்தம் வேண்டியபோது கொடுத்தவர் எக்குலம் என்று கேட்டோமா? நம் தம்பி மகனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த அந்த ஆசிரியர் நம்மவரல்லர். பெறும்போது கேளாத கேள்வியைக் கொடுக்கும்போது மாத்திரம் கேட்பது நியாயமாகுமா? ஊராரிடம் வாங்கிய கைமாற்றை வீட்டாருக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டால், கடன் தீர்ந்ததாகுமா? தன் குலத்தைத் தாங்குவது சங்கத்தின் வேர். ஊருக்கு நிழல் தருவது அதன் கிளை. கிளைவிடாத வேரை மரமென்று எவரும் சொல்லார்.

இவ்விண்ணப்பங்களை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்வது உங்கள் சித்தம். நாம் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு வந்திருக்கின்றோம். பரணிலிருந்து எடுத்த அப்பழைய செருப்பை எறிய மனம் வரவில்லை; அது நம் மேசைமேல் இருக்கின்றது. ஆனால், அதன் அளவிற் புதிதாக இரண்டு ஜோடி வாங்கி, இதோ காரியதரிசியவர்கள் வசம் ஒப்படைக்கின்றோம். ஒன்று நம் தம்பி மகனுக்கு அன்று நாம் இழைத்த குற்றத்துக்கு. மற்றொன்று, அன்று வெறுங்காலோடு ஓடிய, நாம் பெயரும் அறியாத, இன்னொரு பையனுக்கு. யார் காலுக்குப் பொருந்துமோ அவர் அணியட்டும். அவர் யாரென்று நமக்குச் சொல்லவேண்டா.

 பிள்ளைகளே, இன்னும் பொழுது சாயவில்லை. வெளியே போய் விளையாடுங்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் யாவருக்கும் தெளிந்த அறிவும், திடமான தேகமும், விரிந்த கையும் அருள்வானாக!

வாழ்க நம் சங்கம்! வாழ்க நம் ஊர்!